முதல் வகுப்பில் முதலில் வர வேண்டியது 'அ, ஆ' வரிசையா, 'படம், பட்டம்' என்ற சொற்களா?

கரும்பலகை எழுதியது:

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "அரையாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது, என் மகளுக்கு இன்னும் அ, ஆ வரிசையாகச் சொல்ல வரவில்லை" என்றார். அந்தச் சிறுமி படம், பட்டம், பாடம், மரம் எல்லாவற்றையும் யார் துணையும் இல்லாமல் படிக்கிறாள். அவர் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

சொல்லில் தொடங்கி, அதை உடைத்து எழுத்துக்குப் போவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ட, ப, ம மூன்றும் எளிய கோடுகள். அவற்றைக் கற்ற சில நாள்களிலேயே பிள்ளை ஒரு சொல்லைப் படித்துவிடுகிறது. உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்துவிட்டுத்தான் மற்றவை என்றால், அதுவரை அதனால் படிக்க முடிந்த சொற்கள் எத்தனை? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

மணல் எழுத்து எழுதியது:

டீச்சர், பணியில் இருந்த காலம் முழுக்கத் தொடக்கப் பள்ளியிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தந்தையின் கவலை நியாயமானது.

தமிழ் நெடுங்கணக்கை, அதாவது எழுத்து அட்டவணையை, வெறும் மனப்பாடப் பட்டியல் என்று நினைப்பதில்தான் சிக்கல். பன்னிரண்டு உயிர் மேலே, பதினெட்டு மெய் இடப்பக்கம். சந்திக்கும் இடத்தில் 216 உயிர்மெய். க் என்பதும் இ என்பதும் சேர்ந்தால் கி என்று ஒரு குழந்தை பிடித்துக்கொண்டால், மி, தி, நி எல்லாம் தாமாக வரும். சொல்லில் தொடங்கும் பிள்ளைக்கு இந்த வாசல் திறப்பதில்லை. அது சொல்லின் உருவத்தைப் பார்த்துச் சொல்கிறது. 'பட்டம்' படிக்கும் பிள்ளையிடம் 'பட்டணம்' என்று எழுதிக் காட்டுங்கள். மீண்டும் 'பட்டம்' என்றே சொல்லும்.

கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் (ASER) ஆய்வில், 2022இல் தமிழகக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 4.8 சதவீதம். 2018இல் 10.2 சதவீதம். கொரோனாவை மட்டும் காரணம் காட்ட முடியாது. அதற்கு முன்பும் பத்தில் ஒரு குழந்தைதானே படித்தது?

ஊர்க்குருவி எழுதியது:

ஐயா, அந்த எண்ணிக்கையைச் சொல் முறையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. நம் பள்ளிகளில் பாதிக்கு மேல் சுவரில் அட்டவணை தொங்க, பிள்ளைகள் ஒன்றாகக் கத்தி ஒப்பிப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த இரைச்சலில் ஒவ்வொரு பிள்ளையும் எழுத்தைப் பார்க்கிறதா, பக்கத்துக் குரலைப் பின்தொடர்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

அட்டவணையின் ங வரிசையைப் பாருங்கள். ஙூ, ஙெ, ஙோ வருகிற சொல் ஒன்று சொல்லுங்கள். வாழ்நாளில் படிக்கவே போகாத எழுத்துகளுக்கு ஆறு வயதுக் குழந்தையின் நேரத்தைச் செலவிடுகிறோம்.

1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். பாடம் 'பட்டா, படி' என்றுதான் தொடங்கும். பட்டா என்பது நிலத்தின் பெயர், வழக்கின் பெயர், தாசில்தார் அலுவலகத்தில் நிற்கும் வரிசையின் பெயர். அந்தச் சொல்லைத் தானே படித்தபோது பெண்கள் கண்கலங்கியதைப் பார்த்தவன் நான். அ, ஆ என்று தொடங்கியிருந்தால் மறுநாள் வகுப்புக்கு வந்திருக்கமாட்டார்கள்.

மணல் எழுத்து எழுதியது:

தோழர், அவர்கள் வாழ்க்கையை அறிந்த பெரியவர்கள். படிக்க ஒரு காரணம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதே பாதையை எப்படிப் பொருத்துகிறீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. இரண்டு பிள்ளைகளின் தாய், மொழியியல் படித்தவள். ஆங்கில உலகில் நடந்த சண்டையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்று 1967இல் கென்னத் குட்மன் எழுதினார். படத்தையும் வாக்கியத்தின் போக்கையும் வைத்து ஊகிக்கப் பழக்கும் முறை அந்த வழியில் பரவியது. ஒலியையும் எழுத்தையும் முறையாக இணைத்துக் கற்பிப்பதே பலன் தருகிறது என்று 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு அறிக்கை கொடுத்தது. அந்த வகையில் மணல் எழுத்து ஐயாவின் பக்கம் வலுவானது.

ஆனால் அந்த முடிவை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்குப் பல ஒலி என்பதே பெரிய தடை. தமிழில் தடை வேறிடத்தில். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரு பக்கமும் அணைக்கிறது. உகர வரிசை இன்னும் கடினம்: கு, சு, து என்று எழுத்தைப் பொறுத்துக் குறியின் வடிவம் மாறுகிறது. 'க் + இ = கி' என்ற விதி இங்கே உருவத்தில் கைகொடுக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளைச் சீராக்கியது. உகர வரிசையை அது தொடவில்லை. இன்றுவரை பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். என் மகன் 'கூடு', 'கொடு' இரண்டையும் நெடுநாள் குழப்பினான். அவனுக்கு வரிசை தெரியும், சொற்களும் தெரியும். அந்தக் குறிகளை யாரும் தனியாக எடுத்துச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. 'பம்பரம்' என்ற சொல்லில் ப இருமுறை வருகிறது, இரண்டும் வேறு ஒலி. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் க வேறு வேறு. தமிழ்ப் பிள்ளை இதைத் தடுமாறாமல் படிக்கிறது, ஏனென்றால் சொல்லை முன்பே அறியும். எழுத்தை மட்டும் கூட்டிப் படித்தால் அந்த உச்சரிப்பு வந்துவிடாது. இங்கே டீச்சரின் பக்கம் வலு.

கரும்பலகை எழுதியது:

கொம்பு பற்றிச் சொன்னது முழு உண்மை. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கொடுத்தார்கள். நிலை பிரித்தது நல்லது. ஆனால் கே, கை, கொ இவற்றுக்குப் போதிய நாள்கள் தராமல் அடுத்த செயல்பாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. பதிவேற்றவும் வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அது படிப்பதைக் கேட்கும் நேரம் கைபேசிக்குப் போகிறது.

மணல் எழுத்து எழுதியது:

அதைத்தான் செயல்வழிக் கற்றலிலும் பார்த்தோம்; பிள்ளை அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் தானே கற்கும் முறை அது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணி, அட்டை, வட்டமாக உட்காரும் குழு. பிள்ளைகளின் பயம் குறைந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை தன் அட்டையோடு தனியே உட்கார்ந்துவிடும். அது வாய்விட்டுப் படிப்பதை யாரும் கேட்கவில்லை.

ஊர்க்குருவி எழுதியது:

எல்லா வகுப்பிலும் அப்படியில்லை, ஐயா. நான் பார்த்த சில வகுப்புகளில் ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டார்.

இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் வேறு, பாடநூலின் தமிழ் வேறு. 'வீட்டிற்குச் சென்றான்' என்ற வாக்கியத்தை எழுத்துப் பிழையில்லாமல் படித்துவிட்டு, என்ன சொல்கிறது என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் உண்டு. அதற்குத் தினமும் கதை வாசித்துக்காட்ட வேண்டும். நூல் தமிழ் காதில் விழாத பிள்ளைக்கு, எழுத்து தெரிந்தும் நூல் அந்நியமாகவே இருக்கும்.

மணல் எழுத்து எழுதியது:

கதை வாசியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் காதால் கேட்பது வாசிப்பாகாது.

டீச்சருக்கு ஒரு கோரிக்கை. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள்; அவற்றில் 20 பொருளே இல்லாத, புனைந்த சொற்கள். நினைவிலிருந்து சொல்கிறதா, எழுத்தைக் கூட்டுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். உங்கள் வகுப்பில் 'மிடுபை', 'தொகூம்', 'பெணுரி' என்று எழுதிக் காட்டுங்கள். அந்தச் சிறுமி படித்துவிட்டால், சொல்லில் தொடங்கியவளுக்கும் எழுத்து வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன்.

கரும்பலகை எழுதியது:

திங்கட்கிழமையே செய்கிறேன். 'தொகூம்' அவளுக்கு வராது என்றுதான் நினைக்கிறேன், ககரத்தின் ஊகாரம் இன்னும் சொல்லித்தரவில்லை. 'மிடுபை' வரும்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள் ஐயா. வரிசையை முழுதாக ஒப்பிக்கும் பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், அது அறியாத ஒரு பத்தியைப் படிக்கவைத்துவிட்டுப் புத்தகத்தை மூடி, என்ன நடந்தது என்று கேளுங்கள். இரண்டையும் இங்கேயே எழுதுவோம்.