பழைய தோல் பைண்டிங் செம்பொடியாக உதிர்கிறது, எண்ணெய் தடவியது தவறா?

கேள்வி

தாத்தா வைத்திருந்த ஆறு தொகுதிகள் என்னிடம் வந்திருக்கின்றன. 1880களில் அச்சானவை. முதுகு முழுக்கத் தங்கக் கொடிவேலை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கையில் எடுத்தாலே விரலெல்லாம் செம்பழுப்புப் பொடி. தோல் காய்ந்துவிட்டது என்று நினைத்து, முதல் தொகுதிக்கு மட்டும் தோல் பைகளுக்குப் போடும் எண்ணெயைத் தடவினேன். அட்டை கறுத்துவிட்டது, பொடியும் நிற்கவில்லை. மூன்று வாரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சையா? மற்ற ஐந்தையாவது காப்பாற்ற முடியுமா?

பதில் 1

எண்ணெயை இத்தோடு நிறுத்திவிடுங்கள். ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள், இந்த நிலையில் உள்ள தோல் தண்ணீர் பட்டால் கறுத்து இறுகிவிடும்.

உங்கள் புத்தகத்துக்கு வந்திருப்பது 'ரெட் ராட்'. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலுக்கு, அதிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தோலுக்கு, அடிக்கடி வருவது. நிலக்கரிப் புகையிலும் கேஸ் விளக்கிலும் வரும் கந்தக டை ஆக்ஸைடு தோலில் ஏறி கந்தக அமிலமாகிறது. அது தோலின் நாரை உள்ளிருந்தே அரித்துவிடும். 1900 வாக்கிலேயே லண்டனில் இதை ஆராய ஒரு குழு அமைத்தார்கள் என்றால், அப்போதே எவ்வளவு புத்தகங்கள் போயிருக்கும் பாருங்கள். வறட்சியால் வந்த கேடு இல்லை என்பதால் எண்ணெய்க்கு இங்கே வேலையே கிடையாது. போன வலுவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பொடி உதிர்வதை நிறுத்தலாம்.

அதற்கு க்ளூசெல் ஜி என்ற தூள் இருக்கிறது. 100 மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் 2 கிராம் கலந்து ஓர் இரவு விட்டால் தெளிந்த கூழாகிவிடும். உதிரிப் பொடியை மென்மையான பிரஷால் தள்ளிவிட்டு, இதை மெல்லிசாக ஒரு கை பூசுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் பூசி, காய்ந்ததும் பாருங்கள். சில தோல் கொஞ்சம் கறுக்கும். எண்ணெய் ஏறிய தொகுதிக்கு இது சரியாகப் பிடிக்காது, அதை விட்டுவிடுங்கள்.

பதில் 2

வெள்ளைப் படிவை முகர்ந்து பாருங்கள். புழுக்க வாடையோடு பஞ்சு பஞ்சாக இருந்தால் பூஞ்சை, உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். வாடையில்லாமல் மாவு போலவோ மெழுகு போலவோ இருந்தால் எண்ணெயின் கொழுப்பு மேலே வந்திருக்கிறது. ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைத் தள்ளி நின்று காட்டினால் கொழுப்பு உருகி மறையும்.

இன்னொன்று. முதுகின் உச்சியில் விரலை மாட்டி இழுக்காதீர்கள், ரெட் ராட் வந்த தோல் அங்கேதான் முதலில் பிய்யும். இரண்டு பக்கமும் உள்ள புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. வாடை இல்லை, சூட்டில் மறைந்துவிட்டது. மனசு லேசானது. இரண்டாம் தொகுதியின் மூலையில் பூசிப் பார்த்தேன், நிறம் மாறவில்லை, விரலிலும் ஒட்டவில்லை. முதல் தொகுதிக்கு அட்டை பாதி கழன்றிருக்கிறது. புதுத் தோல் போட்டுவிடலாமா?

பதில் 1

வேண்டவே வேண்டாம். தோலைக் கழற்றினால் அந்தத் தங்க வேலையும் கூடவே போய்விடும். சூடேற்றிய பித்தளை அச்சால் தங்கத்தாளை ஒருவர் கையால் பதித்த வேலையாகக்கூட இருக்கலாம். பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வையுங்கள். செலோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். பிறகு, பழைய தோலை வைத்துக்கொண்டே மடிப்பைச் சீர்செய்யத் தெரிந்த பைண்டரிடம் காட்டலாம்.