புறநானூற்றின் புன்புலமும் குறளின் தொடிப்புழுதியும்

கேள்வி (கன்னங்குறிச்சி வாசகர்):
சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. சோளமும் துவரையும் மழையை நம்பியே விளைகின்றன. புறநானூற்றின் 18ஆம் பாடலில் 'உணவெனப் படுவது நிலத்தொடு நீரே' என்று பாடிய குடபுலவியனார், சற்றுக் கழித்து 'வித்திவான் நோக்கும் புன்புலம்' (விதைத்துவிட்டு மழைக்காக வானம் பார்க்கும் நிலம்) எவ்வளவு பரந்திருந்தாலும் ஆளும் மன்னனின் முயற்சிக்கு உதவாது என்கிறார். மானாவாரி நிலத்தைப் பயனற்றதென்றா நம் முன்னோர் கருதினார்கள்? படித்த நாள் முதல் மனம் ஆறவில்லை.

மறுமொழி (தமிழாசிரியர், அம்மாபேட்டை):
ஐயா, அந்தப் பாடல் உழவரை நோக்கியதன்று. நிலம் பள்ளமாக நெளிந்த இடங்களில் நீரைத் தடுத்துத் தேக்க வேண்டும் என்று பாண்டியன் நெடுஞ்செழியனிடம் வேண்டுவது அது. 'நிலன்நெளி மருங்கின் நீர்நிலை பெருகத் தட்டோர்' என்ற அடியைக் கவனியுங்கள். கரை எங்கே போட வேண்டும் என்பதை நிலத்தின் வளைவே காட்டிவிடுகிறது. புன்புலம் என்ற சொல்லில் உங்கள் காட்டின் மீதான இகழ்ச்சியை நான் காணவில்லை. நீர் தேக்காத அரசன் மீதான குறையையே காண்கிறேன். மேட்டுக்காட்டுக்கு உரிய பாடம் 1037ஆம் குறளில் இருக்கிறது: ஒரு தொடிப் புழுதி, அதாவது ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி, கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும்.

மறுமொழி (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
கால் பலம் என்பதை எடைக்கணக்காகக் கொள்ள வேண்டாம். நம் செம்மண் ஈரம் முழுவதையும் இழந்தாலும் எடையில் முக்கால் பங்கு குறையாது; நன்றாகக் காயவிடு என்பதை அழுத்திச் சொல்லும் முறை அது. கோடை உழவில் புரண்ட மண்கட்டியைச் சில வாரம் கழித்துக் கையில் உடைத்துப் பாருங்கள். அறுகம்புல்லின் வேர் நூல் நூலாக உதிரும், கோரைக்கிழங்கு சுருங்கிக் கிடக்கும். அடுத்து வரும் மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்கும். காய்ந்த மண் நனையும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தையும் விடுவிக்கும். ஆயினும் அடுத்த குறளே 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று தொடங்குவதால், எருவைக் கைவிடலாம் என்று எடுத்துக்கொள்வது பிழை. ஏற்காட்டுச் சரிவில் இப்படி உழுதால் ஒரே இடிமழையில் மேல்மண் கரைந்துவிடும். அங்கே மரநிழலும் சருகுமே மண்ணுக்குக் காப்பு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் காடும் கிழக்கே சாய்வுதான். சென்ற சித்திரையில் சாய்வின் போக்கிலேயே உழுததால், வரப்போரம் செம்மண் குழம்பாக ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இம்முறை குறுக்கே உழுது, கீழ்மூலையில் ஒரு குட்டை வெட்டப் போகிறோம். மழை விட்டு இரண்டு நாளானாலும் கால் புதையும் அந்த மூலைதான் எங்கள் நிலத்தின் நெளிமருங்கு.