'குறைவளிப் படிவு வளர்ப்பு' சரிதானா?

அன்பர்களே,

கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான ஒட்டுண்ணியியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், நான் ஒரே சொல்லில் நிற்கிறேன். மாட்டின் செவ்வணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணியான பபீசியா போவிஸை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறையை லெவியும் ரிஸ்டிக்கும் 1980இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பெயர் 'மைக்ரோஏரோஃபிலஸ் ஸ்டேஷனரி ஃபேஸ்' வளர்ப்பு. பழைய வரைவில் 'நுண்காற்று விரும்பி நிலைப்பருவ வளர்ப்பு' என்றிருக்கிறது. நிலைப்பருவம் என்றதும் பாக்டீரியா வளர்ச்சிக்கோட்டில் பெருக்கம் நின்றுபோகும் கட்டம்தான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். வேறு சொல் சொல்லுங்கள்.

---

அம்மா, முதலில் 'நுண்காற்று' போகட்டும். காற்று பொடிப்பொடியாகவா இருக்கிறது? குறைமாதம், குறைப்பிரசவம் போல 'குறைவளி' என்க. ஸ்டேஷனரிக்கு 'உறை' என்ற அருமையான வேர் இருக்கிறது: உறைதல் என்றால் தங்குதல், உறையுள், உறைவிடம், உறையூரையும் சேர்த்துக்கொள்ளலாம் (அதைத் தனி மடலில் எழுதுகிறேன்). 'குறைவளி உறைவளர்ப்பு'. வினைத்தொகை, எதுகையும் தானே அமைகிறது.

---

ஐயா, எதுகை இருக்கட்டும். ரத்தத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் 'உறை' என்றால் கட்டிப்போன ரத்தம்தான்! மாட்டு ரத்தத்தைக் கண்ணாடி மணிகளோடு குலுக்கி ஃபைப்ரின் என்ற புரத இழையை நீக்குவதே அது உறையக்கூடாது என்பதற்காக.

ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். செவ்வணுக்களை எம்199 என்ற வளர்ப்புத் திரவத்தில் (ஊடகம்) போட்டு, 40% வரை மாட்டு சீரம் சேர்த்து, தட்டின் குழிகளில் ஊற்றி, 37 டிகிரியில் ஆட்டாமல் அசைக்காமல் வைக்கிறோம். அணுக்கள் அடியில் படியும். மேலே நிற்கும் திரவத்தின் உயரம் 6 மி.மீ. அளவில் இருப்பதால் ஆக்சிஜன் அடிவரை சரியாகப் போய்ச் சேராது, படிந்த அடுக்கு கருத்துவிடும், அந்தக் கருத்த அடுக்கில்தான் பபீசியா பெருகுகிறது. மேல்திரவத்தை மட்டும் நாள்தோறும் மாற்றுவோம். ஆக ஸ்டேஷனரி ஃபேஸ் என்பது பருவமே இல்லை, அசையாமல் படிந்த அடுக்கு. என் ஓட்டு 'குறைவளிப் படிவு வளர்ப்பு'. பேச்சில் எப்படியும் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எம்.ஏ.எஸ்.பி. என்றுதான் சொல்லப்போகிறோம்.

---

அப்படியானால் எம்.ஏ.எஸ்.பி. என்றே அச்சிடலாமே? சீரம், ஊடகம் எல்லாம் புரிகிறது, இந்தக் கூட்டுச்சொல்லுக்கு விளக்கம் எழுதவே இரண்டு வரி வேண்டும்.

இன்னொன்று. 'உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி' என்று கையேடு முழுக்க வருகிறது, படிக்கிறவர் தலை சுற்றும். பபீசியாவை மட்டும் 'அகச்செவ்வணு உயிரி' என்றால் என்ன? உண்ணி பரப்பும் இன்னொரு ஒட்டுண்ணியான தைலேரியா அனுலேட்டாவுக்கு அது பொருந்தாது, தெரியும். தடுப்பூசிக்கு வளர்ப்பது அதன் வெள்ளணு நிலையை. தான் குடியேறிய வெள்ளணுவையே ஓயாமல் பிரியவைத்துத் தானும் கூடவே பிரிகிற ஆள் அது, படிவே தேவையில்லை.

---

உண்ணியைத் தொடாதீர்கள், அது மாடு வளர்ப்பவர் சொல். சரி, பெரும்பாலோர் பக்கம் போகிறேன்: 'குறைவளிப் படிவு வளர்ப்பு', அடைப்புக்குள் எம்.ஏ.எஸ்.பி. அனைவருக்கும் நன்றி.

---

என் மறுப்பைப் பதிந்துகொள்க. படிவு ஆற்று மணலுக்கு உரியது. மேலும் நீங்கள் 'படிவில் பெருகும்' என்று எழுத, மெய்ப்புத் திருத்துபவர் 'படிவத்தில்' என்று திருத்தி வைப்பார், பபீசியா விண்ணப்பப் படிவத்தில் பெருகும். உறையூர் மடல் நாளை.