மறுமொழி: திமிங்கிலத்தை அடைத்து வைப்பதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்,

இரண்டு கிழமையாக இழுபடுகிற விஷயம், நேராகவே வருகிறேன். பாடசாலைக் கண்காட்சிப் பதாகையில் கனடா 2019இல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். 'திமிங்கிலங்களையும் டொல்பின்களையும்' என்பது வரை எல்லோருக்கும் சம்மதம், 'முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம்' என்பதிலும் சிக்கல் இல்லை, நடுவில் இருக்கிற 'captivity' என்ற ஒரு சொல்லில்தான் தோணி தரைதட்டி நிற்கிறது.

கல்முனை ஆசிரியர் 'காப்பகப் பராமரிப்பு' என்று தந்திருந்தார். சேர், கோபிக்க வேண்டாம், அது இவற்றைத் தொட்டியில் வைத்துக் காட்டும் தொட்டிக்காரர்களின் சொல். 'மனிதப் பராமரிப்பில் உள்ள விலங்கு' என்றுதான் அந்தத் தொழிலில் உள்ளவர்களும் எழுதுகிறார்கள். டோக்கிட்டே என்ற ஓர்க்காவை ('கொலைகாரத் திமிங்கிலம்' என்று எழுதுவோமே, அது) 1970இல் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வலை வளைத்து, கூட்டத்திலிருந்து பிரித்துப் பிடித்தார்கள். மயாமியில் அதற்குக் கிடைத்த தொட்டி 24 மீற்றர் நீளம், 11 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவான அகலம், ஆழம் கூடிய இடத்தில் 6 மீற்றர். அதன் உடம்பே 6 மீற்றர் வரும். நாலு உடம்பு நீளம் நீந்தினால் சுவர், திரும்பி வந்தால் மறுபடி சுவர். 2023 ஓகஸ்ட்டில் அங்கேயே செத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த இதைப் பராமரிப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மீன் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், சரி, மறியலில், அதாவது சிறையிலும்தான் சோறு போடுகிறார்கள்.

'அடைகாப்பு' என்று முன்மொழிந்தவர் கோழியை மறந்துவிட்டார் போல.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்த சொல் மறியல்தான். மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் ஒரு அண்ணனோடு போன மாதம் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வலையோடு சின்ன ஓங்கில் (டொல்பின்) ஒன்று வந்துவிட்டதாம். நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாலைப் பிடிக்காமல் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து, அலை திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளிவிட்டார்களாம். அதைத் தொட்டியில் விட்டு டிக்கெட் போட்டுக் காட்டினால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "அது மறிச்சு வைக்கிறதுதானே" என்றார், யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் மறியல் என்றால் சிறை, விளக்கமறியல் (வழக்கு முடியுமுன் அடைத்து வைப்பது) என்ற சொல்லைக் கேட்காத வீடு குறைவு. ஆனால் 'திமிங்கில மறியல்' என்று போட்டால் தமிழ்நாட்டில் திமிங்கிலங்கள் கொடி பிடித்து பஸ்ஸை மறித்ததாகத்தான் நினைப்பார்கள் (நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது). எனவே மனமில்லாமல் கைவிடுகிறேன்.

மிஞ்சுவது சிறை. காட்சிக்காக வைப்பதற்குக் 'காட்சிச்சிறை' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. சென்னை நண்பர் இதற்குத்தான் முகம் சுளிக்கிறார்: சிறை என்றால் குற்றம், தண்டனை என்ற நினைப்பு வரும், கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்கிறார். எங்கள் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் உங்கள் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், அந்த உரிமையில் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். தொல்காப்பியத்தில் பாய்ந்து வரும் புனலைத் தடுக்கும் அணையைக் 'கற்சிறை' என்கிறார்கள். தடுத்து நிறுத்துவதுதான் சிறை, குற்றம் பிறகு வந்து ஒட்டியது. அசோகவனத்தில் இருந்ததையும் சிறை என்றுதான் சொல்கிறோம், சீதை என்ன குற்றம் செய்தாள்? குற்றம் செய்தவன்தான் உள்ளே இருப்பான் என்று மட்டக்களப்பில் வந்து சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், ஓர்க்காவை இவ்வளவு காலமும் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்று எழுதினோமே, அப்போது நடுநிலை எங்கே போனது? அது டொல்பின் குடும்பத்து விலங்கு, கடலில் மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. சாவு நடந்தது தொட்டியில். 1983இல் ஐஸ்லாந்துக் கடலில் இரண்டு வயதளவில் பிடிபட்ட டிலிக்கம் என்ற ஓர்க்கா, 2017இல் சாவதற்கு முன் மூன்று பேரின் சாவில் சம்பந்தப்பட்டது, 2010இல் இறந்தவர் அதன் பயிற்சியாளர்.

காட்சியால்தான் மக்களுக்கு இந்த விலங்கின்மேல் அன்பு வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் உண்மை இருக்கிறது, தொட்டிக்கு வருமுன் மீனவர்கள் அதைப் பீடையாக நினைத்துச் சுட்டார்கள். ஆனால் அந்த அன்புக்கான விலையை விலங்குதானே கட்டியது. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாட்டும் இல்லை, நீலத்திமிங்கிலம் திருகோணமலைக்கு அப்பால் வருகிறது, அதை எந்தத் தொட்டியும் கொள்ளாது.

இன்னொரு சொல்லும் வேண்டியிருக்கிறது. ஷாங்காய் காட்சித் தொட்டியிலிருந்து இரண்டு வெண்திமிங்கிலங்களை 2019இல் ஐஸ்லாந்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள், வாயை வலையால் அடைத்த ஒரு விரிகுடாவில் விடுவதற்காக. அதைச் 'சரணாலயம்' என்றால் காடு நினைவுக்கு வருகிறது, 'விடுதலை' என்றால் பொய். 'கடற்பட்டி' என்று வைத்தால் என்ன? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப்பட்டி பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்: அடைப்புத்தான், ஆனால் காலுக்குக் கீழே சொந்த மண்.

ஆக, சட்டத்துக்கு 'திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் சிறைவைப்பதை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம்' என்று போடுவோம், அது காட்சியை மட்டும் சொல்லவில்லை என்பதால். தொட்டிப் படத்துக்குக் கீழே காட்சிச்சிறை. நடுவில் 'சிச்சி' வருகிறது, பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். இதைவிட நாக்குக்கு இசைவாக யாரிடமாவது இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள், வெள்ளி காலை பதாகை அச்சுக்குப் போகிறது.