அவுட்பேக் தடங்களுக்கு ஏற்ற உறுதியான ரூஃப் ரேக்: நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

மெல்பர்னிலிருந்து, கேள்வியைத் தொடங்கிய உறுப்பினர்:

அடுத்த ஆண்டு ஜூலை மாதத்தில் நானும் என் தம்பி குடும்பமும் மத்திய ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்தை மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை குறுக்காகக் கடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலின் கடுமை காரணமாகப் பாலைவனத்தை மூடிவிடுவார்கள் என்பதால் நடுக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் வண்டிகளில் ஒன்று லேண்ட் குரூசர் 78 ட்ரூப் கேரியர். அதன் கூரையின் இரு பக்கமும் மழைநீர் வடியும் விளிம்பு உண்டு. தம்பியின் புதிய வண்டிக்கு அந்த விளிம்பு இல்லை. நிறுவனமே கூரையில் வைத்துக் கொடுத்த போல்ட் துளைகள் மட்டுமே உள்ளன. இரண்டுக்கும் ரூஃப் ரேக், அதாவது கூரையின் மேல் சாமான் ஏற்றும் சட்டம், வாங்க வேண்டும். கடைகளில் தாங்கும் எடையை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். அது தார்ச்சாலைக்கு உரியதா, செம்மண் தடத்துக்கு உரியதா என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. ஆகவே அவுட்பேக் எனப்படும் உள்நாட்டு வறண்ட நிலத் தடங்களில் நீங்கள் நேரில் கண்டதை, எது நின்றது, எது உடைந்தது, எந்த இடத்தில் உடைந்தது என்பதை விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடிலெய்டிலிருந்து:

எந்த இடத்தில் உடைந்தது என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஊட்னடாட்டா தடத்திலும் பேர்ட்ஸ்வில் தடத்திலும் பழுதாகி நின்ற வண்டிகளுக்கு உதவியிருக்கிறேன். அவற்றில் ரேக்கின் தட்டு நடுவில் ஒடிந்து கிடந்ததைக் கண்டது மிக அரிது. கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கால்களும், அந்தக் கால்களுக்கு அடியில் உள்ள கூரைத் தகடும்தான் முதலில் விட்டுக்கொடுக்கின்றன.

வில்லியம் கிரீக்கில் ஒரு வயதான தம்பதியரின் வண்டியைப் பார்த்தேன். ரேக்கில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வண்டிக்குள் கூரைத் துணியின் ஓரத்தில் செந்தூசி கசிந்து கோடாகப் படிந்திருந்தது. அவர்களுடைய அனுமதியோடு ரேக்கின் ஒரு காலைக் கழற்றி, அதன் அடியில் இருந்த ரப்பர் அட்டையைத் தூக்கிப் பார்த்தோம். நுண்ணிய செந்தூசி காலைப் பனியில் குழைந்து பசையாக இருந்தது. அந்தப் பசை உப்புத்தாள் தேய்ப்பதைப் போலத் தேய்த்து, பெயின்ட் போய், அதற்கடியில் இருந்த பூச்சும் போய், தகடு வெள்ளையாக மின்னியது. போல்ட் துளையின் ஓரத்திலிருந்து நகக்கண் அகலத்துக்கு ஒரு விரிசல் புறப்பட்டிருந்தது. ரேக் எவ்வளவு உறுதியாக இருந்தும் அந்தத் தகட்டைக் காப்பாற்றவில்லை.

இதற்குக் காரணம் அந்தத் தடங்களில் குறுக்கே வரிவரியாக எழும் மேடுபள்ளங்கள்தாம். இரண்டு வரிகளுக்கு இடையே முக்கால் மீட்டர் இருப்பதாகவும், வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் போவதாகவும் வைத்துக்கொண்டால், சக்கரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 30 முறை அடி விழுகிறது. ஒரு மணி நேரத்தில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டாலும், மிஞ்சுவது கூரை வரை ஏறி, உச்சியில் இருக்கும் எடையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்து உடைவதைவிட, இப்படிச் சிறிது சிறிதாகக் களைத்து விரிசல் விடுவதுதான் அங்கே வழக்கம். டயரின் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டுவது ரேக்குக்கும் செய்யும் உதவி.

கடைக்காரர் சொல்லும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: ஒன்று ரேக்குக்கு உரியது, மற்றொன்று வண்டியின் கையேட்டில் கூரைக்கென்று அச்சிட்டிருப்பது. இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. ரேக்கின் சொந்த எடையும் கூரையின் கணக்கில்தான் சேரும். கரடுமுரடான தடத்தில் ஓட்டும்போது அந்த எல்லையை 1.5 ஆல் வகுத்துக்கொள்ளும்படி சில ரேக் நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. கூரைக்கு 100 கிலோ என்று இருந்தால் தடத்தில் அது 66 கிலோ சொச்சமாகிவிடும். அதில் ரேக் மட்டுமே 30 கிலோ என்றால், நீங்கள் ஏற்றக்கூடியது 36 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றையும் ஒரு மண்வெட்டியையும் மடக்கு நாற்காலிகளையும் வைத்தால் கணக்கு முடிந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வேறு ரேக்கைத்தான் வாங்குவார்கள்.

பெர்த்திலிருந்து:

நான் இரும்பு ரேக்கின் பக்கம் பேச விரும்புகிறேன். கேனிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனத் தடம் வைலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். நடுவழியில் எரிபொருள் கிடைப்பது குனவாரிஜியில்தான். அந்தத் தொலைவைக் கருதி டீசல் கேன்களைக் கூரையில் ஏற்றிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். இருபது லிட்டர் டீசல் 17 கிலோ, கேனின் எடை தனி. நான்கு கேன்களைக் கூரையில் வைத்தவர் மணல்மேட்டின் முகத்தில் பள்ளம் பள்ளமாகத் தோண்டப்பட்ட ஏற்றத்தில் ஏறும்போது வண்டி இடமும் வலமுமாகச் சாய்வதைப் பின்னால் வரும் வண்டியிலிருந்து பார்த்தால் நெஞ்சு பதறும்.

அத்தகைய ஒரு வண்டியின் ரேக்கில் பின்கால் ஒன்று வெல்டிங் விட்டுப்போனது. அது இரும்பு ரேக். எங்களோடு வந்த ஒரு பெரியவர், பண்ணையில் வேலை பார்த்துப் பழகியவர், இரண்டு வண்டிகளின் பேட்டரிகளைக் கழற்றித் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக்கினார். ஜம்ப்பர் கேபிளின் நுனியில் வெல்டிங் குச்சியைக் கவ்வ வைத்து, முகமூடி அணிந்து, கூரையிலிருந்து ரேக்கைக் கீழே இறக்கி மணலில் வைத்தே காலை ஒட்டினார். ஒட்டு அழகாக இல்லை. ஆனால் ஹால்ஸ் கிரீக் வரை அது அசையவில்லை. அலுமினிய ரேக்காக இருந்திருந்தால் அந்த இடத்தில் எதுவும் செய்திருக்க முடியாது. அதை ஒட்டுவதற்கு வேறு இயந்திரம், வாயு, பழகிய கை ஆகிய மூன்றும் வேண்டும். நகரத்திலிருந்து தொலைவில் போகிறவர்கள், போகும் வழியில் பழுதுபார்க்கக் கூடிய பொருளையே எடுத்துச் செல்ல வேண்டும் என்பது என் கருத்து. எடை கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து:

பெர்த் நண்பர் எழுதியதை மதிப்போடு படித்தேன். இருந்தும் முழுமையாக உடன்பட முடியவில்லை. இங்கே ஒரு பட்டறையில் வெல்டராக வேலை செய்கிறேன். டனாமி சாலையிலிருந்தும் கிரேட் சென்ட்ரல் ரோட்டிலிருந்தும் வருகிற வண்டிகள் எங்கள் வாசலில்தான் நிற்கின்றன. இரும்பை எங்கும் ஒட்டலாம் என்பது உண்மை. ஆனால் ஒட்ட வேண்டிய நிலை வந்ததற்கே அந்த இரும்பின் எடை பாதிக் காரணம் என்பதைப் பல வண்டிகளில் பார்க்கிறேன். கூடை வடிவில் முழு நீள இரும்பு ரேக்கை ஏற்றிய பிறகு, கூரையின் எல்லையில் சாமானுக்கென்று மிஞ்சுவது மிகக் குறைவு. கூடையாக இருப்பதால் அதை நிரப்பவும் மனம் வருகிறது.

அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. இரும்பில், ஓர் அளவுக்குக் கீழான அதிர்வு எத்தனை முறை வந்தாலும் விரிசல் தோன்றாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறிய அதிர்வும் போதுமான முறை வந்தால் விரிசலாகும். மேலும் வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எங்களிடம் வருகிற அலுமினிய ரேக்குகளில் பெரும்பாலானவை வெல்டிங்கை ஒட்டிய அரை அங்குலத்துக்குள்தான் கிழிந்திருக்கின்றன. ஆகவே அலுமினியம் வாங்குகிறவர்கள், அச்சின் வழியாக அழுத்திப் பிதுக்கிச் செய்த சட்டங்களைப் போல்ட்டாலும் ரிவெட்டாலும் சேர்த்த தட்டையான ரேக்கை வாங்குவது நல்லது. அப்படிப்பட்ட ஒன்றில் ஒரு சட்டம் போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தட்டையாகத் தாழ்வாக இருப்பதால் காற்றின் இழுப்பும் குறையும். வண்டியின் எடை மையமும் அவ்வளவு உயராது.

இப்போது கால்களுக்கு வருகிறேன். அடிலெய்டு ஐயா எழுதியது முற்றிலும் சரி. ட்ரூப் கேரியர் போன்ற வண்டியில், மழைநீர் விளிம்பைப் பிடிக்கும் கால்களை நான்கோடு நிறுத்தாமல், பக்கத்துக்கு மூன்றோ நான்கோ வைத்தால் எடை விளிம்பின் நீளத்துக்குப் பரவும். அந்த விளிம்பு தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிச் சேர்த்த இடம். நான்கே கால்களில் முழு எடையும் இறங்கினால் ஒட்டு ஒவ்வொன்றாகப் பிரியும். விளிம்பு இல்லாத வண்டியில், இரண்டு மூன்று துளைகளை மட்டும் பயன்படுத்தும் ரேக்கைவிட, நிறுவனம் கொடுத்த எல்லாத் துளைகளையும் தண்டவாளம் போன்ற ஒரு நீளமான சட்டத்தால் இணைத்து அதன் மேல் அமரும் ரேக்கைத் தேர்ந்தெடுங்கள். விலை கூடுதல்தான், கூரையை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. உங்கள் தம்பியின் வண்டிக்கு இதில் தயங்கவே வேண்டாம்.

போல்ட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகளைப் போடுங்கள். திரும்பவும் கழற்ற வேண்டிய மரைகளுக்கு மரை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை போதும். துருப்பிடிக்காத எஃகு நட்டை அதே எஃகு போல்ட்டில் உலர்வாக வேகமாக முறுக்கினால் பாதியில் இறுகி உறைந்துவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படி உறையாமல் தடுக்கும் பசையைத் தடவிக் கையால் மெதுவாக முறுக்குங்கள். முறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து காலின் மேல் வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது என்பது ஸ்பேனர் எடுக்காமலேயே தெரிந்துவிடும்.

பிரிஸ்பேனிலிருந்து:

ரேக்கின் மேல் என்ன வைப்பது என்பதையும் சேர்த்தே ரேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன். கேப் யார்க்கில் பழைய தந்தித் தடத்தில் கன்ஷாட் கிரீக்கின் இறக்கம் செங்குத்தானது. எங்களுக்கு முன்னால் இறங்கிய வண்டியின் கூரையில் ஓர் உதிரிச் சக்கரம், இரும்பு ரிம்மோடு, இரண்டு பட்டைகளால் பக்கவாட்டில் மட்டும் கட்டப்பட்டிருந்தது. மூக்கு கீழே போனதும் சக்கரம் முன்னால் சறுக்கி, ரேக்கின் முன் சட்டத்தை வளைத்து, கண்ணாடியின் மேல் ஓரத்தில் போய் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. முன்பின்னாகவும் பட்டை கட்ட ரேக்கில் கண்ணிகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்; தட்டையான ரேக்கில் முன் பக்கம் ஒரு தாழ்வான தடுப்புச் சட்டமாவது இருக்கட்டும்.

கூரைக் கூடாரம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவை பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ வரை இருக்கும். நிறுத்திவைத்த வண்டியில் உள்ளே ஆட்கள் படுப்பதைக் கூரை தாங்கும். ஓடும் வண்டிக்கு உரிய எண் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் கூரையில் மணலில் சிக்கினால் போடுகிற மேக்ஸ்ட்ராக்ஸ் பலகைகள் ஒரு ஜோடி, படுக்கைப் பைகள், வெறும் வாளிகள் ஆகியவை மட்டுமே பயணம் செய்கின்றன. கனமானவை எல்லாம் வண்டிக்குள், பின்அச்சுக்கு முன்னால், தரையோடு இருக்கின்றன.

மெல்பர்னிலிருந்து, மீண்டும்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ட்ரூப்பியின் டேங்குகளில் 180 லிட்டர் கொள்ளும்; தம்பியின் வண்டிக்குத் தேவையான கூடுதல் டீசலை ட்ரூப்பியின் தரையில் கட்டி எடுத்துச் செல்ல முடியும் என்பதால் கூரைக்கு எரிபொருள் போகாது. கூடாரத்தைத் தரையில் அடிப்பதாகத் தம்பி பிள்ளைகளைச் சம்மதிக்க வைத்துவிட்டான். ட்ரூப்பிக்கு எட்டுக் கால்களில் நிற்கும் தட்டையான அலுமினிய ரேக்கும், தம்பியின் வண்டிக்கு எல்லாத் துளைகளையும் பிடிக்கும் தண்டவாள வகையும் வாங்குவதாக இருக்கிறோம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அண்ணாவிடம் ஒரு கேள்வி: ட்ரூப்பி பழைய வண்டி, அதன் விளிம்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது?

ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து:

நல்ல தேர்வு, தம்பி. ரேக்குக்குப் பணம் கட்டும் முன்பே விளிம்பைச் சோதித்துவிடுங்கள். விளிம்பின் உட்பக்கம் பூசியிருக்கும் அடைப்புப் பசை வெடித்திருக்கும் இடங்களிலும், பெயின்ட் கொப்புளித்திருக்கும் இடங்களிலும் ஸ்குரூ டிரைவரின் நுனியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினாலோ, பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ அடியில் துரு தின்றிருக்கிறது. அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்காமல் அங்கே கால் வைக்கக் கூடாது. முன் கண்ணாடியின் இரு மூலைகளுக்கு மேலே கூடுதலாகக் கவனியுங்கள், துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விளிம்பு நன்றாக இருந்தால் காலின் பிடிப்பு படும் இடத்தைக் கழுவி உலர்த்தி, தெளிவான தடிமனான பாதுகாப்பு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, அதன் மேல் ரப்பரை வையுங்கள். மவுண்ட் டேரில் டீசல் நிரப்பும்போது வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். டால்ஹவுசி ஊற்றுகளில் தங்கும் இரவில் இன்னொரு முறை பாருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் வண்டியைக் கிளப்பும் முன் ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும்.