வர்ணனைக் குரலை நீக்கிப் புல்லாங்குழலை மட்டும் மீட்க முடியுமா?

குழலன்பன்:
அனைவருக்கும் வணக்கம். 1990களின் நடுவில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான, காவிரிக் கரைக் கோயில்களைப் பற்றிய அரை மணி நேர விவரணப் படம் ஒன்றை வீட்டு வி.சி.ஆரில் பதிவு செய்து வைத்திருந்தோம். அதன் பின்னணி இசையில் குழல் வாசித்தவர் என் பெரியப்பா. அந்த இசை தனியாகக் கேசட்டாகவோ குறுந்தகடாகவோ வெளிவரவில்லை. டேப்பை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றி வாங்கினேன். வர்ணனையாளரின் குரல் பல இடங்களில் குழலின் மேலேயே ஓடுகிறது. அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் உள்ள குரல் குறைக்கும் வசதியைப் பயன்படுத்தியபோது, குரலோடு இசையும் அடியோடு மறைந்து மெல்லிய இரைச்சல் மட்டுமே மிஞ்சியது. நான் செய்த தவறு என்ன? வேறு வழி உண்டா?

பழைய டேப்:
தவறு உங்களுடையது அன்று. அந்த வசதி, குரல் இடம் வலம் இரண்டு சேனல்களிலும் ஒரே அளவில் இருக்கும், இசைக்கருவிகள் பக்கவாட்டில் பரவியிருக்கும் என்ற அனுமானத்தில் இயங்குகிறது. ஒரு சேனலைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால், இரண்டுக்கும் பொதுவாக நடுவில் இருப்பது எதுவானாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உங்கள் பதிவோ மோனோவாகத்தான், அதாவது ஒற்றைச் சேனலாகத்தான் இருக்க வேண்டும், சாதாரண வி.சி.ஆர்கள் டேப்பின் ஓரத்தில் உள்ள ஒற்றை ஒலித்தடத்தில்தான் பதிந்தன. கணினியில் அது இரண்டு சேனலாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றே என்பதால், எல்லாமே நடுவில் இருந்து, எல்லாமே அழிந்துவிட்டது. மிஞ்சிய இரைச்சல், மாற்றும்போது இரு சேனல்களிலும் வெவ்வேறாகச் சேர்ந்தது.

கடையில் எம்பி3 கோப்பாகக் கொடுத்திருந்தால், டேப் கெடாமல் இருக்கும்போதே சுருக்கப்படாத வேவ் கோப்பாக மீண்டும் எடுத்துவிடுங்கள். இனிச் செய்யப்போகும் எல்லா வேலைக்கும் அதுவே அடிப்படை.

அலைவரிசை:
மோனோ பதிவுக்கு, ஒலியின் அமைப்பைக் கற்றுப் பிரிக்கும் மென்பொருள்களே கைகொடுக்கும். டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டரைவிட, ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் உருவாக்கிய டெமக்ஸ் எனக்கு நல்ல பலன் தந்திருக்கிறது, இரண்டும் இலவசம். கட்டளைகளைத் தட்டச்சு செய்து மென்பொருளை இயக்கும் கட்டளை வரி பழக்கமில்லை என்றால் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற மென்பொருளுக்குள்ளேயே டெமக்ஸ் கிடைக்கும். குரல், குரலற்றது என இரண்டு கோப்புகளாக மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். இரைச்சல் நீக்குவதை முன்கூட்டியே செய்துவிடாதீர்கள், அது குழலின் மூச்சொலியையும் சேர்த்து மழுங்கடித்துவிடும்.

குழலன்பன்:
இருவருக்கும் நன்றி. டெமக்ஸில் குரல் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் நீண்ட கமகங்கள் வரும் இடங்களில் குழலும் குரல் கோப்புக்குள் போய்விடுகிறது. தவிர, வர்ணனை இருந்த இடங்களிலெல்லாம் இசை திடீரென உள்வாங்கி, பிறகு மேலெழுகிறது.

அலைவரிசை:
இரண்டும் எதிர்பார்க்கக்கூடியவைதாம். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கத்தியப் பாடல்களைக் கேட்டுப் பயின்றவை. பாட்டைப் போலவே வளைந்து நெளியும் ஒற்றைக் குழலைக் கண்டால் பாடகர் என்று எண்ணிவிடுகின்றன. (நம் வித்வான்கள் சாகித்தியத்தை அப்படியே வாசித்துக் காட்டுவதற்கு இது ஒரு நற்சான்று என்றும் கொள்ளலாம்.) அதனால், வர்ணனையாளர் வாய் திறக்காத இடங்களில் பிரித்த கோப்பைப் பயன்படுத்தவே வேண்டாம், மூலப் பதிவையே வைத்து, அவர் பேசும் இடங்களில் மட்டும் குரலற்ற கோப்பை ஒட்டி, இணைப்புகளில் ஒன்று தேய மற்றொன்று எழுமாறு செய்யுங்கள்.

பேச்சுக்கு நடுவே குழலும் குரல் கோப்புக்குள் போன இடங்களில், அந்தக் கோப்பை அடாசிட்டியின் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வையில் (ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகப் படமாகக் காட்டுவது) திறந்து பாருங்கள். குழலின் கோடுகள் நீண்டு தொடர்ச்சியாகத் தெரியும். பேச்சின் கோடுகள் அடுக்கடுக்காக, அசைக்கு அசை அறுந்து நிற்கும். பேச்சின் பகுதியை மட்டும் அழித்துவிட்டு, மீதியைக் குரலற்ற கோப்போடு கூட்டினால் குழலின் பெரும்பகுதி திரும்பிவிடும். ஒரு நிமிடப் பதிவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை இது.

இசை உள்வாங்குவது மென்பொருளின் கோளாறு அன்று. வர்ணனை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, படத்தின் ஒலிக்கலவையின்போதே இசையைத் தாழ்த்தியிருப்பார்கள். ஒலியளவை இடத்துக்கு இடம் மாற்ற உதவும் என்வலப் கருவியால் அந்த இடங்களைக் கையால் உயர்த்துங்கள். டேப்பின் இரைச்சலும் கூடவே உயரும் என்பதால், இரைச்சல் நீக்கத்தை அதற்குப் பிறகு, மிகக் குறைவாகச் செய்தால் போதும்.

பழைய டேப்:
ஒன்று விட்டுப்போயிற்று. இத்தகைய படங்களில் ஒரே இசைத்துண்டைப் பல காட்சிகளுக்கும் திரும்பத் திரும்ப ஒட்டுவது வழக்கம். முகப்பிலும் இறுதிப் பெயர்ப் பட்டியலிலும் பெரும்பாலும் வர்ணனை இருக்காது. அங்கே அதே துண்டு கிடைத்தால், பிரிக்கும் வேலையே இல்லாமல் அதை எடுத்துப் பேச்சு மூடிய இடத்தில் பொருத்திவிடலாம். டேப்பின் வேகம் இடத்துக்கு இடம் சற்று மாறியிருக்கும், ஆகவே சுருதியைச் சரிபார்த்த பிறகே ஒட்டுங்கள்.