வெளியே இருந்து போடத் தெரியாத பிள்ளை கூடைப்பந்தில் மேலே வர முடியுமா?

பாளை அப்பா:
என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் பள்ளி அணிக்குப் பாயிண்ட் கார்டாக (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற ஆள்) ஆடுகிறாள். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இரண்டு கையாலும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட வரும், ஆளை வெட்டிக்கொண்டு உள்ளே போய் ரிங் பக்கத்தில் லே-அப் போடுவாள், பாஸும் நன்றாகக் கொடுப்பாள். வெளியே, தூரத்தில் இருந்து மட்டும் ரிங்குக்குப் போட மாட்டாள். பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும் பந்தை அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள்.

போன வாரம் ஒரு மேட்ச். எதிரணி 2-3 ஸோன் (முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் என்று ஆளை விட்டு இடத்தைக் காப்பது) போட்டார்கள். இவள் போட மாட்டாள் என்று தெரிந்ததும் இவளைக் கண்டுகொள்ளாமல் ஐந்து பேரும் பெயிண்டை, ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டத்தை, அடைத்துக்கொண்டார்கள். ஹாஃப் டைமுக்கு அப்புறம் கோச் இவளை உட்கார வைத்துவிட்டார். மாவட்ட அணித் தேர்வு வேறு வருகிறது. ஷூட்டிங் இல்லாமலே இவள் மேலே போகலாமா, இல்லை மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அதை மட்டும் பழக்கவா? ஆடின அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாப்பத்தஞ்சு டிகிரி:
தம்பி, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். முடியாது. பள்ளி அளவில் ஓடும், அதற்கு மேல் ஓடாது.

காரணம் நாம் ஆடும் விதி. அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் யாரையும் காக்காமல் பெயிண்டுக்குள் மூன்று வினாடிக்கு மேல் ஒரு டிஃபெண்டர் நின்றால் தவறு. 2001-02 சீசனில் கொண்டுவந்த விதி அது. நாம் ஆடுவது ஃபிபா (உலகக் கூடைப்பந்து சம்மேளனம்) விதி, அதில் அப்படி எதுவும் கிடையாது. உயரமான ஒரு பிள்ளையை ரிங்குக்கு அடியில் ஆட்டம் முழுக்க நிறுத்தி வைக்கலாம், யாரும் விசில் ஊத மாட்டார்கள். அதனால் வெளியே இருந்து போடும் ஆள் அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

என்பிஏ-விலேயே 2015-ல் நடந்ததைப் பாருங்கள். கோப்பைக்கான ப்ளே-ஆஃப் தொடரில் மெம்ஃபிஸ் அணி கோல்டன் ஸ்டேட்டை 2-1 என்று முந்திக்கொண்டு இருந்தது. மெம்ஃபிஸில் டோனி ஆலன் என்று ஒரு கார்டு, டிஃபென்ஸில் புலி. நாலாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் கோச் ஸ்டீவ் கெர் என்ன செய்தார் தெரியுமா? ரிங் பக்கம் நிற்கும் தன் உயரமான சென்டர் போகட்டை ஆலனுக்கு ‘காவல்’ போட்டார். பேருக்குத்தான் காவல், போகட் நின்றது ரிங் பக்கம். ஆலன் வெளியே தனியாக நின்றார், போட்ட பந்து விழவில்லை. மெம்ஃபிஸின் பெரிய ஆட்கள் ராண்டால்ஃபுக்கும் காசோலுக்கும் உள்ளே இடமே இல்லை. கோல்டன் ஸ்டேட் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்து, அந்த வருடம் கோப்பையையும் தூக்கியது. உங்கள் மகளுக்குப் போன வாரம் நடந்தது அதேதான்.

உள்ளே புகு:
அண்ணாச்சி, ஆலன் கதை சரிதான், ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஆலனின் வேலை டிஃபென்ஸ், அந்த அணியில் பந்து அவர் கையில் இருக்காது. பந்தே கையில் இருக்கிற பாயிண்ட் கார்டை எப்படி விட்டுவிட்டு நிற்பது? தள்ளி நின்றால் அவள் வேகம் எடுக்க இடம் கிடைக்கிறது.

டோனி பார்க்கரைச் சொல்லுங்களேன். ஆறடி இரண்டு அங்குலம், அந்த உலகத்தில் அது சின்ன உயரம். சான் அன்டோனியோவுக்கு நாலு கோப்பை வாங்கிக் கொடுத்த அணியில் பாயிண்ட் கார்டு, 2007 ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரர். அந்தச் சமயத்தில் த்ரீ (கோட்டுக்கு வெளியே இருந்து போடும் மூன்று பாயிண்ட் பந்து) போடுவதையே ஏறக்குறைய விட்டிருந்தார். உள்ளே புகுந்து, பெரிய ஆள் கை தூக்கும் முன்னால் ஃபிளோட்டரை மேலே தூக்கிப் போட்டுவிடுவார். அது போதுமாக இருந்தது.

கணக்கும் பாருங்கள். நூறு த்ரீயில் முப்பத்துமூன்று விழுந்தால் 99 பாயிண்ட். லே-அப்புக்கு இரண்டு பாயிண்ட், நூறில் ஐம்பது விழுந்தாலே 100. நம்ம ஊர்ப் பள்ளி மேட்சில் நூறு த்ரீயில் முப்பத்துமூன்று போடும் பிள்ளை எத்தனை பேர்? உள்ளே போனால் ஃபவுல் வேறு கிடைக்கும். அந்தப் பிள்ளையிடம் இருக்கிற நல்ல ஆயுதத்தை வைத்துவிட்டு, இல்லாததைத் தேடச் சொல்கிறீர்கள்.

நாப்பத்தஞ்சு டிகிரி:
பார்க்கர் பேரைச் சொன்னது நல்லது. அவர் த்ரீயை விட்டார், ஷூட்டிங்கை விடவில்லை. 2005-ல் சிப் எங்கெல்லாண்ட் என்ற ஷூட்டிங் கோச் அந்த அணிக்கு வந்தார். பார்க்கரின் கையைப் பிரித்து மறுபடி கட்டினார். அப்புறம்தான் பதினைந்து அடியில் இருந்து அவர் பந்து நம்பிக்கையாக விழுந்தது. அணித் தோழர் நின்று மறிக்கும் ஸ்க்ரீனுக்கு அடியில் புகுந்து போன டிஃபெண்டருக்கெல்லாம் அங்கேயே தண்டனை கிடைத்தது. இந்தப் பிள்ளை வெளியே இருந்து போடவே மாட்டாள் என்கிறாரே அப்பா.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஷூட்டிங் இல்லாத பாயிண்ட் கார்டுக்கு வேறு உதாரணம் இருக்கிறது, பென் சிம்மன்ஸ். 2016-ல் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஃபிலடெல்ஃபியா அவரைத்தான் முதல் ஆளாக எடுத்தது, மூன்று தடவை ஆல்-ஸ்டார். 2021-ல் அட்லாண்டாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ரிங்குக்கு அடியில் டங்க் போடும் (பந்தை மேலிருந்து ரிங்குக்குள் திணிக்கும்) இடத்தில் நின்றுகொண்டு பாஸ் கொடுத்தார். அதற்கு அப்புறம் ஃபிலடெல்ஃபியாவுக்கு அவர் ஆடவே இல்லை. உங்கள் மகள் காலியாக நின்றும் பந்தைத் தள்ளிவிடுகிறாள் என்று படித்ததுமே எனக்கு அந்தக் காட்சிதான் வந்தது. பதினான்கு வயதில் அந்தப் பழக்கத்தை விட்டு வைக்கக் கூடாது.

உள்ளே புகு:
அதே தொடரில் சிம்மன்ஸ் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக லைனில் நின்று தனியாகப் போடுவது) எத்தனை போட்டார் என்பதையும் சொல்லுங்கள் அண்ணாச்சி. 45-க்கு 15. அவர் டங்க் போடாமல் பாஸ் கொடுத்ததற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஃபவுல் செய்து லைனுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம். த்ரீ இல்லாதது அவரை வீழ்த்தவில்லை.

அதே கோடையில், அதே 2021-ல், மில்வாக்கியின் யானிஸ். அவருக்கும் நம்பி விடக்கூடிய த்ரீ கிடையாது. அந்த ப்ளே-ஆஃப் முழுக்க ஃப்ரீ த்ரோவுக்கு அவர் தாமதிப்பதைக் கேலி செய்து எதிரணிக் கூட்டம் வினாடி எண்ணிக் கத்தியது. ஆனால் ஃபைனலின் கடைசி ஆட்டத்தில் 50 பாயிண்ட், ஃப்ரீ த்ரோ 19-க்கு 17. மில்வாக்கி சாம்பியன். இரண்டு பேருமே வெளியே போடத் தெரியாதவர்கள். ஒருவர் லைனில் நிற்கப் பயந்தார், ஒருவர் போய் நின்றார்.

நாப்பத்தஞ்சு டிகிரி:
யானிஸ் கிட்டத்தட்ட ஏழடி, தம்பி. ஐந்தடி இரண்டு அங்குலப் பிள்ளைக்கு அவரைக் காட்டாதீர்கள். பெரிய ஆளுக்கு ஷூட்டிங் இல்லாவிட்டால் அதை மறைக்க ரிங் பக்கத்திலேயே ஒரு வேலை இருக்கும். சின்ன ஆளுக்கு மறைத்துக்கொள்ள இடம் கிடையாது.

ஆறாம் நம்பர் பந்து:
அண்ணாச்சி இருவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். நீங்கள் அமெரிக்கா வரைக்கும் போய்விட்டீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பாளை அப்பா, உங்கள் மகள் பழகுவது எந்த அளவுப் பந்தில்? ஆறாம் நம்பரா, ஏழாம் நம்பரா?

பாளை அப்பா:
டீச்சர், பள்ளியில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே பந்தில்தான் பழகுகிறார்கள். நீங்கள் கேட்டதும் போய்ப் பார்த்தேன். ஏழு என்று போட்டிருக்கிறது. மேட்சில் கொடுப்பது ஆறு.

ஆறாம் நம்பர் பந்து:
நினைத்தேன். பெண்களுக்கு ஆறாம் நம்பர் என்று ஃபிபா 2004-லேயே மாற்றிவிட்டது. ஏழைவிட அது ஐம்பது கிராமுக்கு மேல் எடை குறைவு, சுற்றளவும் குறைவு. கேட்கச் சின்ன வித்தியாசமாகத் தெரியும். பதினான்கு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு அது சின்னது இல்லை.

நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். ஏழாம் நம்பர் பந்தைத் தூரத்தில் இருந்து போட இந்தப் பிள்ளைகளுக்கு மேல்கையில் பலம் போதாது. அதனால் பந்தை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையாலும் தள்ளுவார்கள். தள்ளும்போது முழங்கை பக்கவாட்டில் விரியும், இடது கைக் கட்டைவிரல் பந்தை ஒரு பக்கமாக உந்திவிடும், பந்து பக்கவாட்டாகச் சுழன்றுகொண்டே போகும். ரிங்கில் பட்டால் வெளியேதான் வரும். மேட்சில் லேசான பந்து கையில் வந்ததும் அதே தள்ளு தள்ளினால் போர்டுக்கு மேலே போகும். நாலு தடவை அப்படிப் போய், நாலு பேர் சிரித்தால், ஐந்தாவது தடவை பிள்ளை பாஸ் கொடுத்துவிடும். அவள் பயப்படுவதில் தப்பே இல்லை. பிள்ளைக்கு ஷூட்டிங் வராது என்று சொல்வதற்கு முன்னால் அவள் கையில் சரியான பந்தைக் கொடுங்கள்.

பாளை அப்பா:
இன்னொன்றையும் கவனித்தேன் டீச்சர். எங்கள் கோர்ட்டில் த்ரீ கோடு ஒன்றும், அதற்குள்ளே மங்கலாக இன்னொன்றும் இருக்கிறது. பெயிண்ட் ஒரு பக்கம் விரிந்து, கீழே போகப் போக அகலமாகிறது. அது ஏன்?

நாப்பத்தஞ்சு டிகிரி:
அது பழைய அளவு. நாங்கள் ஆடின காலத்தில் கீ (பெயிண்டுக்கு இன்னொரு பேர்) அப்படித்தான் விரிந்திருக்கும், த்ரீ கோடு 6.25 மீட்டர். 2010-ல் கீ செவ்வகம் ஆனது, கோடு 6.75-க்குப் போனது. மகள் எந்தக் கோட்டில் நின்று போடுகிறாள் என்று பாருங்கள். உள் கோட்டில் பழகிவிட்டு வெளியூருக்குப் போனால் அரை மீட்டர் கூடிவிடும், பந்து ரிங்கையே தொடாது. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர் பக்கம் போய்ப் பந்து எட்டாமல் திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

தென்காசிக் காத்து:
கோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், காற்றை யாரும் சொல்லவில்லையே. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் திறந்தவெளி கோர்ட்டில் நின்று த்ரீ போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கள் ஊர்க் கோர்ட்டில் பந்து ரிங்குக்குப் போகும் வழியிலேயே ஒதுங்கும். மேற்கு ரிங்குக்குப் போட்டால் குறைந்துபோகும், கிழக்கு ரிங்குக்குப் போட்டால் தாண்டிப்போகும். பிள்ளை தன் கை தப்பு என்று நினைத்து, நேற்று சரியாக இருந்ததையும் இன்றைக்கு மாற்றிக்கொள்ளும். கை கெடுவது அப்படித்தான். நாங்கள் சீசன் முழுக்க விடிகாலையில்தான் தூரத்தில் இருந்து போடுவோம், மாலையில் லே-அப்பும் டிஃபென்ஸும் மட்டும்.

பாளையில் இவ்வளவு அடிக்காது. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பந்து விழவில்லை என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் கொடிக்கம்பத்தைப் பாருங்கள்.

உள்ளே புகு:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பந்து பெரியது, கோடு பழையது, காற்று வேறு. இப்படிப்பட்ட இடத்தில் வளர்கிற பிள்ளைக்கு வெளி ஷூட்டிங்தான் அளவுகோல் என்றால், இன்டோர் மரத்தரையில் பழகுகிற நகரத்துப் பிள்ளையோடு போட்டியே கிடையாது. வேகம், டிஃபென்ஸ், பாஸ் இதெல்லாம் சிமெண்ட் தரையிலும் வளரும். வளர்கிறதை வளர்க்க வேண்டும்.

ஷூட்டிங் பின்னாலும் வரும். ஜேசன் கிட் 1994-ல் என்பிஏ-வுக்குள் வரும்போது வெளியே இருந்து போடத் தெரியாத பாயிண்ட் கார்டு என்றுதான் பேர். 2013-ல் ஓய்வு பெறும்போது அதிக த்ரீ போட்டவர்கள் வரிசையில் மூன்றாவது இடம். நடுவில் 2011-ல் டல்லாஸோடு கோப்பையும் வாங்கினார். ஆட்டம் தெரிந்ததால்தான் அவரைக் களத்தில் வைத்திருந்தார்கள், களத்தில் இருந்ததால்தான் ஷூட்டிங் வளர்ந்தது.

நாப்பத்தஞ்சு டிகிரி:
கிட்டுக்கு அத்தனை வருடம் சம்பளம் கொடுத்துக் காத்திருந்தார்கள். நம்ம பிள்ளைக்கு யார் காத்திருப்பார்கள்? பதினேழு வயதில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி டிரையல்ஸ். ஒரு காலைப்பொழுதில் ஐம்பது பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அங்கே ‘பின்னால் வரும்’ என்பதை எழுத ஒரு கட்டம் கிடையாது. கிராமத்துப் பிள்ளைக்குக் கல்லூரி ஃபீஸும் அப்புறம் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலையும் இந்தப் பந்து வாங்கிக் கொடுக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மூன்று வருடம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்க வேண்டும்.

ஆறாம் நம்பர் பந்து:
அதில் நான் அண்ணாச்சி பக்கம். ஆனால் த்ரீயில் தொடங்காதீர்கள். அமெரிக்கப் பெண்கள் லீக்கில் ஏ’ஜா வில்சன் 2020-ல் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கும்போது த்ரீ போடுவதே அபூர்வம். நடுத்தூரத்துக் கை சுத்தமாக இருந்தது. 2022-ல் பெக்கி ஹாமன் கோச்சாக வந்த பிறகு வில்சன் அதே கையை நாலடி பின்னால் கொண்டுபோனார், மறுபடி எம்விபி. அவர் உயரம் வேறுதான், வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். ரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கையால், அப்புறம் ஃப்ரீ த்ரோ லைன், அப்புறம்தான் வெளியே. பந்தை இடுப்புக்கு இறக்காமல் எவ்வளவு தூரம் போட முடிகிறதோ அதுதான் அவளுடைய எல்லை. அதைத் தாண்டி ஒரு அடி வைத்தாலும் கை மறுபடி தள்ளத் தொடங்கிவிடும்.

பாளை அப்பா:
ஆறாம் நம்பர் பந்து ஒன்று வாங்கிவிட்டேன். காலையில் பள்ளிக்கு முன்னால் அரை மணி நேரம் ஃப்ரீ த்ரோ லைனுக்குள்ளே மட்டும் போடட்டும் என்று முடிவு. ஆனால் தேர்வுக்குள் அது வந்துவிடாதே? அன்றைக்கும் ஸோன் போட்டால் என்ன செய்வாள்?

உள்ளே புகு:
மேலே பந்தை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லாதீர்கள், அங்கேதான் அவளை விட்டுவிடுகிறார்கள். பந்தைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு 2-3 ஸோனின் நடுவில், ஃப்ரீ த்ரோ லைனில் வந்து நிற்கட்டும். முன்னால் உள்ள இரண்டு பேருக்கும் பின்னால் உள்ள மூன்று பேருக்கும் இடையில் உள்ள ஓட்டை அது. பந்து வாங்கித் திரும்பினால் நடு ஆள் ஏறி வந்தே ஆக வேண்டும். வந்தால் பேஸ்லைனில் நிற்கிற தோழிக்குப் பாஸ். வராவிட்டால் இரண்டு எட்டு வைத்து ஃபிளோட்டர். அவளுக்கு இருக்கிற ஆட்டத்துக்கு அந்த இடம் போதும்.

நாப்பத்தஞ்சு டிகிரி:
இடம் சரி. ஆனால் அங்கே நின்று ஒரு தடவையாவது போட்டுக் காட்டாவிட்டால் நடு ஆள் ஏறி வரவே மாட்டாள், அதை மறக்காதீர்கள். ரிங்கில் இருந்து நாலரை மீட்டர் கூட இல்லை. விழுந்தாலும் விழாவிட்டாலும் முதல் தடவை போடட்டும், இரண்டாவது தடவை பாஸ் பார்க்கட்டும். தேர்வு முடிந்ததும் எழுதுங்கள் தம்பி.